புள்ளிக்குப் பின்னால் ஒரு நாடு

2023இல் ஹப்ஸ்பாட் நிறுவனத்தின் இணை நிறுவனர் தர்மேஷ் ஷா ‘யூ டாட் ஏஐ’ என்ற இணையப் பெயரை 7 லட்சம் டாலருக்கு வாங்கினார். ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து. அதன் வாலில் ஒட்டியிருக்கும் ‘ஏஐ’, கரீபியக் கடலில் சுமார் 16,000 பேர் வாழும் அங்குவில்லா என்ற தீவின் நாட்டுக்குறி. இப்படி ஒரு விற்பனைச் செய்தி வரும்போதெல்லாம், டொமைன் பெயர்களை வாங்கிப் போட்டு லாபத்துக்கு விற்கும் தொழிலுக்குள் புதிதாக ஒரு கூட்டம் நுழைகிறது. டாட் காமில் நல்ல சொற்கள் எல்லாம் எப்போதோ போய்விட்டன. அதனால் புதிதாக வருகிறவர்களின் கண் நாட்டுக்குறிகள் பக்கம் திரும்புகிறது.

அவர்களில் பெரும்பாலோர் புள்ளிக்கு முன்னால் இருக்கும் சொல்லைத்தான் எடைபோடுகிறார்கள். சொல் சிறியதா, நினைவில் நிற்குமா, எந்த நிறுவனம் தேடி வரும் என்றெல்லாம் யோசிக்கிறார்கள். தேவையான யோசனைதான், ஆனால் அது இரண்டாவதாக வர வேண்டியது. முதலில் பார்க்க வேண்டியது புள்ளிக்குப் பின்னால் உள்ள இரண்டு எழுத்தை. அந்தக் குறியை நடத்துவது யார், கட்டணத்தை உயர்த்தும் அதிகாரம் யாரிடம், அந்த நாட்டு மக்களுக்கு இதில் பங்கு உண்டா, நாளைக்கு அந்தக் குறியே இருக்குமா என்ற கேள்விகளுக்கு விடை தெரியாமல் போடும் பணத்தை முதலீடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்த இரட்டை எழுத்துகள் இணையத்துக்காக உருவானவை அல்ல. ஐஎஸ்ஓ 3166 என்ற சர்வதேசப் பட்டியலில் நாடுகளுக்கும் ஆட்சிப் பகுதிகளுக்கும் தரப்பட்டிருக்கும் குறிகளையே இணையம் எடுத்துக்கொண்டது. ஆரம்ப காலத்தில் இந்த ஒதுக்கீட்டைக் கவனித்துவந்த ஜான் போஸ்டல், 1994 மார்ச்சில் ஆர்எஃப்சி 1591 என்ற சிறு ஆவணத்தை வெளியிட்டார். எது நாடு, எது நாடில்லை என்று தீர்மானிப்பது எங்கள் வேலையல்ல என்று அதில் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். ஒரு குறியை நடத்துகிறவர் அந்த நாட்டு மக்களுக்கும் உலக இணையச் சமூகத்துக்கும் அறங்காவலர். அங்கே உரிமை, உடைமை என்ற பேச்சுக்கு இடமில்லை, பொறுப்பும் சேவையும்தான் என்பது அந்த ஆவணத்தின் சாரம். இந்தத் துறைக்கு வருகிறவர்கள் முதலில் படிக்க வேண்டியது அதைத்தான்.

குறி ஒருவரின் உடைமையா என்ற கேள்வி அமெரிக்க நீதிமன்றத்துக்கே வந்தது. பயங்கரவாதத் தாக்குதல்களில் உறவினர்களை இழந்து, ஈரான், சிரியா, வடகொரியா அரசுகளுக்கு எதிராக இழப்பீட்டுத் தீர்ப்புப் பெற்றிருந்த குடும்பங்கள், அந்த நாடுகளின் இணையக் குறிகளைப் பறிமுதல் செய்து தரும்படி கேட்டன. 2016இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்துவிட்டது. குறியைச் சொத்து என்றே வைத்துக்கொண்டாலும், அதைக் கைமாற்றினால் அதன் கீழ் பெயர் பதிந்திருக்கும் மூன்றாம் தரப்பினர் பாதிக்கப்படுவார்கள் என்பது காரணம். அது சொத்தா இல்லையா என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கவே இல்லை.

ஆக, பெயர் வாங்குகிறவரிடம் இருப்பது குத்தகை. கட்டணம் கட்டும்வரை, குறியை நடத்தும் பதிவகத்தின் விதிகளுக்கு உட்பட்டு அனுபவிக்கலாம். டாட் காமும் அப்படித்தான். ஆனால் அதை நடத்தும் வெரிசைன் நிறுவனம் எவ்வளவு கட்டணம் உயர்த்தலாம் என்பதற்கு, இணையப் பெயர்களை ஒருங்கிணைக்கும் சர்வதேச அமைப்பான ஐகேனோடும் அமெரிக்க அரசோடும் செய்த ஒப்பந்தங்கள் வரம்பு கட்டியிருக்கின்றன. நாட்டுக்குறிகளுக்கு ஐகேன் அப்படி எந்தக் கடிவாளமும் போடவில்லை. குத்தகைக்காரர் முழுக்க அந்த நாட்டின் கையில்.

அங்குவில்லாவின் கதை இந்தத் தொழிலின் எல்லாப் பக்கங்களையும் காட்டுகிறது. 1995இல் கிடைத்த குறி அது. அந்தத் தீவில் குடியேறிய வின்ஸ் கேட் என்ற அமெரிக்கரே நெடுங்காலம் அதைக் கவனித்துவந்தார். செயற்கை நுண்ணறிவின் ஆங்கிலச் சுருக்கமும் ‘ஏஐ’ என்பதால், 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததும் நிலைமை தலைகீழாக மாறியது. 2022இல் 1,44,000 ஆக இருந்த பதிவுகள் 2023இல் 3,54,000 ஆயின. 2023இல் தீவு அரசுக்கு இதன்மூலம் கிடைத்தது சுமார் 3.2 கோடி டாலர். 2024இல் சுமார் 3.9 கோடி. அது அரசு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். 2017இல் இர்மா புயலில் நொறுங்கிப்போய், சுற்றுலாவையே பெரிதும் நம்பியிருந்த தீவு அது. இந்தப் பணத்தில் 70 வயது கடந்தவர்களுக்கு இலவச மருத்துவம் கொடுக்கிறார்கள். தொழில்நுட்ப நிர்வாகத்தை இப்போது ஐடென்டிட்டி டிஜிட்டல் என்ற பெரிய நிறுவனத்தோடு சேர்ந்து நடத்துகிறார்கள்.

தீவுக்கு இது நிச்சய வருமானம். பெயரை வாங்கிப் போட்டவருக்கு அப்படியில்லை. டாட் ஏஐ பெயரைக் குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்குப் பதிய வேண்டும். உச்சத்தில் இருந்த காலத்தில் பதிவகக் கட்டணம் இரண்டு ஆண்டுகளுக்கு 140 டாலர். ஒருவர் 100 பெயர் வைத்திருக்கிறார் என்று கொள்வோம். இரண்டு ஆண்டுக்கு 14,000 டாலர் கட்டணமாகவே போய்விடும். ஆண்டுக்கு நூற்றில் ஒன்று அல்லது இரண்டு பெயர் விற்கும் என்பதுதான் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் வழக்கமாகப் போடும் கணக்கு. ஒன்று என்று வைத்தால் இரண்டு ஆண்டில் இரண்டு பெயர். ஒவ்வொன்றும் 7,000 டாலரைக் கையில் தந்தால்தான் போட்ட கட்டணம் திரும்பும். விற்றுத்தரும் சந்தைத் தளங்கள் 20 சதவீதம் கழித்துக்கொண்டால் 8,750 டாலருக்கு விற்றாக வேண்டும். இவ்வளவும் லாபத்துக்கு அல்ல, முதலைக் காப்பாற்றுவதற்கு மட்டும். 7 லட்சம் டாலர் செய்தியைப் படித்துவிட்டு, யாரும் தேடாத இரண்டு சொற்களைச் சேர்த்து நூறு பெயர் பதிகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. முதல் இரண்டு ஆண்டு முடிந்து புதுப்பிக்கச் சொல்லி மின்னஞ்சல் வரும்போதுதான் உறைக்கிறது.

டாட் ஏஐயின் முன்னோடி டாட் டிவி. பசிபிக் கடலில் ஒன்பது சிறு தீவுகளும் சுமார் 11,000 மக்களும் கொண்ட துவாலுவின் குறி, தொலைக்காட்சிக்கான சுருக்கமாக உலகம் முழுக்கத் தெரிந்த எழுத்துகளாக அமைந்தது தற்செயல். 2000ஆம் ஆண்டை ஒட்டி ஓர் அமெரிக்க நிறுவனத்தோடு 5 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார்கள். பணம் பத்தாண்டுகளுக்கு மேல் தவணையாக வரும் என்பது ஏற்பாடு. ஐ.நா. உறுப்பினராகும் செலவைச் சமாளிக்க அந்தப் பணம் உதவியது. 2000 செப்டம்பரில் துவாலு உறுப்பு நாடானது. குறி பிறகு வெரிசைனிடம் போனது. 2021இல் துவாலு அதை விடுத்து கோடாடி நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தபோது, ஆண்டு வருமானம் சுமார் 50 லட்சம் டாலரிலிருந்து இரட்டிப்பானது.

ஆனால் முதல் அலையில் டாட் டிவியில் பணம் போட்ட பலர் சூடுபட்டார்கள். நல்ல சொற்களைப் பதிவகமே ‘பிரீமியம்’ என்று பிரித்து வைத்து, பெரும் விலை சொன்னது. அந்த விலை ஒரு தடவை கட்டிவிட்டு மறந்துவிடக்கூடியது அல்ல. ஆண்டுதோறும் அதே அளவில் கட்ட வேண்டியது. வாங்குபவர் கிடைக்கும்வரை காத்திருக்கலாம் என்று நினைத்தவரால் இரண்டு ஆண்டுகூடத் தாக்குப்பிடிக்க முடியவில்லை. இன்றும் பல குறிகளில் இந்த ஏற்பாடு இருக்கிறது. வாங்கும் பக்கத்தில் முதல் ஆண்டு விலை பெரிதாகவும், புதுப்பிப்பு விலை எங்கோ அடியிலும் இருக்கும். டாட் டிவிக்கு உண்மையான மதிப்பு காணொளி ஒளிபரப்பு பிடிபட்ட பிறகுதான் வந்தது. டாட் டிவி முகவரியில் இயங்கும் ட்விட்ச் ஒளிபரப்புத் தளத்தை 2014இல் அமேசான் 97 கோடி டாலருக்கு வாங்கியது. இடைப்பட்ட பதினான்கு ஆண்டுகளும் புதுப்பிப்புக் கட்டணம் கட்டிக் காத்திருக்க எத்தனை பேரால் முடிந்திருக்கும்?

கொலம்பியாவின் டாட் கோ இன்னொரு வகை. 2010இல் உலகுக்கே திறந்துவிடப்பட்டபோது ஓவர்ஸ்டாக் நிறுவனம் ‘ஓ டாட் கோ’ என்ற ஒற்றை எழுத்துப் பெயரை 3.5 லட்சம் டாலருக்கு வாங்கி, அடுத்த ஆண்டு தன் கடையின் பெயரையே அப்படி மாற்றியது. வாடிக்கையாளர்கள் பழக்கத்தில் டாட் காம் என்று தட்டினார்கள். அப்படி ஒரு முகவரியே கிடையாது. நிறுவனம் பழைய பெயருக்குத் திரும்பியது. டாட் கோவில் பணம் போடுகிறவர், தன் பெயருக்கு வரவேண்டிய ஆட்களில் ஒரு பகுதி டாட் காமுக்குப் போய்ச் சேருவார்கள் என்பதையும் விலையில் கழித்துப் பார்க்க வேண்டும்.

அதே கொலம்பியாவில் 2020இல் நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நேரத்தில், வருமானத்தில் வெறும் 7 சதவீத அளவில் இருந்த தன் பங்கை அரசு 81 சதவீதமாக உயர்த்திக்கொண்டது. மாலியும் காபோனும் தங்கள் குறிகளை ஃப்ரீநோம் என்ற வெளிநாட்டு நிறுவனத்திடம் விட்டிருந்தன. அது பெயர்களை இலவசமாக வாரி வழங்க, மோசடித் தளங்கள் அங்கே மொய்த்தன. 2023இல் இரண்டு நாடுகளும் குறியைத் திரும்ப எடுத்துக்கொண்டன. அதே ஆண்டு மெட்டா நிறுவனம் ஃப்ரீநோம் மீது வழக்குப் போட்டது; 2024இல் ஃப்ரீநோம் தொழிலை விட்டே விலகியது. பசிபிக் தீவான நியுவேயின் டாட் என்யு, ஸ்வீடிஷ் மொழியில் ‘இப்போது’ என்று பொருள்படுவதால் ஸ்வீடனில் நன்றாக விற்கிறது. அதை நடத்துவதும் ஸ்வீடன் அமைப்புதான். தன் குறியைத் திரும்பக் கேட்டு நியுவே ஸ்வீடன் நீதிமன்றம்வரை போனது. இவற்றை வரிசையாகப் பார்க்கும்போது ஒன்று புரிகிறது: தன் பெயரில் நடக்கும் வியாபாரத்தில் தனக்குப் பங்கில்லை என்று ஒரு நாடு நினைக்கத் தொடங்கினால், அந்த ஒப்பந்தம் நீடிக்காது. நடுவில் மாட்டிக்கொள்வது பெயர் வைத்திருப்பவர். அந்த மக்களுக்கு நியாயமாகப் பணம் போகும் குறியில் முதலீடு செய்வது அறம் மட்டுமல்ல, பாதுகாப்பும்கூட.

இதுவரை சொன்னவை, வேறு பொருளுக்காக உலகம் இரவல் வாங்கிக்கொண்ட குறிகள். கூகுள் தேடலும் டாட் டிவி, டாட் கோ, டாட் ஐஓ, டாட் ஏஐ போன்றவற்றை நாட்டோடு கட்டாமல் பொதுக்குறிகளாகவே நடத்துகிறது. சொந்த நாட்டுக்காரர்களே பயன்படுத்தும் குறிகளின் உலகம் வேறு. ஜெர்மனியின் டாட் டிஇயில் 1.7 கோடிக்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. டெனிக் என்ற கூட்டுறவு அமைப்பு நடத்துகிறது. ஊரில் உள்ள தச்சரும் பல் மருத்துவரும் வாங்கும் பெயர்கள் அவை. அங்கே மறுவிற்பனை நிதானமாக நடக்கிறது, ஆனால் ஜெர்மன் தெரியாதவருக்கு அங்கே வேலையில்லை. கனடா, ஆஸ்திரேலியா போன்றவை உள்நாட்டுத் தொடர்பு இல்லாதவருக்குக் கதவையே திறப்பதில்லை.

நம் ஊர் முதலீட்டாளருக்கு இயல்பான களம் டாட் இன்தான். நிக்சி என்ற அமைப்பு பொறுப்பேற்று 2005 தொடக்கத்தில் தாராளமாகத் திறந்துவிடும்வரை அதில் சில ஆயிரம் பெயர்களே இருந்தன. இன்று புதிய நிறுவனங்கள் தயங்காமல் எடுத்துக்கொள்ளும் குறி அது. கட்டணமும் தாங்கக்கூடியது, ஒரு பெயருக்கு ஆண்டுக்கு 800 ரூபாய் என்று வைத்தால், நூறு பெயர் வைத்திருப்பவர் ஆண்டுக்கு ஒன்றை 80,000 ரூபாய்க்குமேல் விற்றால் மூச்சுவிடலாம். ஊரின் தொழில், பேச்சுவழக்கு, எந்தச் சொல்லை மக்கள் ஆங்கில எழுத்தில் எப்படித் தட்டுகிறார்கள் என்பதெல்லாம் அவருக்கே தெரியும். இந்த அறிவுதான் இத்தொழிலின் உண்மையான மூலதனம்.

ஆனால் டாட் இன்னின் தகராறு விதி கடுமையானது, பலர் அதைப் படிப்பதில்லை. டாட் காமுக்கான யுடிஆர்பி விதியின்படி, பெயரைத் தீய நோக்கத்தோடு பதிந்ததையும் தீய நோக்கத்தோடு பயன்படுத்துவதையும், இரண்டையும் புகார் கொடுப்பவர் நிரூபிக்க வேண்டும். டாட் இன்னுக்கான ஐஎன்டிஆர்பியில் இரண்டில் ஒன்று போதும். ஒரு பொதுச் சொல்லை நல்லெண்ணத்தோடு பதிந்து, விளம்பரங்கள் தானாக வந்து நிற்கும் ‘பார்க்கிங்’ பக்கத்தில் விட்டுவைத்திருக்கிறீர்கள். அதே சொல்லை வணிகச் சின்னமாகக் கொண்ட நிறுவனம் ஒன்று இருக்கிறது. உங்கள் பக்கத்தில் அதன் போட்டியாளரின் விளம்பரம் வருகிறது. யுடிஆர்பியில் உங்கள் ஆரம்ப நல்லெண்ணம் காப்பாற்றும். இங்கே அந்த விளம்பரம் ஒன்றே பெயரைப் பறிக்கக் காரணமாகலாம். நிக்சி நியமிக்கும் நடுவர் தீர்ப்பளிப்பார். உரிமையாளரின் அடையாளத்தை மறைக்கும் சேவைக்கும் டாட் இன்னில் அனுமதியில்லை. சத்யம் இன்ஃபோவே வழக்கில் 2004இலேயே உச்ச நீதிமன்றம், இணையப் பெயருக்கு வணிகச் சின்னத்தின் தன்மைகள் உண்டு என்று சொல்லிவிட்டது. வேறொருவர் உழைத்து உருவாக்கிய பெயரைப் பதிந்துவைத்துக்கொண்டு விலைபேசுவதை முதலீட்டுக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அது பறிப்பு.

தமிழுக்கு மூன்று நாட்டுக்குறிகள் இருக்கின்றன: இந்தியாவுக்கு ‘.இந்தியா’, இலங்கைக்கு ‘.இலங்கை’, சிங்கப்பூருக்கு ‘.சிங்கப்பூர்’. இவ்வளவு இருந்தும் இவற்றில் மறுவிற்பனைச் சந்தை என்று சொல்லத்தக்க ஒன்று இன்றைக்கு இல்லை. பல செயலிகளும் படிவங்களும் தமிழ் முகவரியை ஏற்பதில்லை. சில இடங்களில் ‘எக்ஸ்என்’ என்று தொடங்கும் புரியாத எழுத்துக்கோவையாகக் காட்டுகின்றன. வாங்கிப் போட்டு வைப்பதால் இது மாறப்போவதில்லை. பதிப்பகங்களும் பள்ளிகளும் நூலகங்களும் தங்கள் பெயரைத் தமிழில் பதிந்து அந்த முகவரியிலேயே தளத்தை நடத்தினால்தான் மாறும். லாபம் தேடுகிறவர்கள் இவற்றை விட்டுவிட வேண்டும் என்பதே என் விருப்பம்.

அரசியல் ஆபத்து தனி. 2010இல் லிபியாவின் டாட் எல்ஒய் பதிவகம், பாலியல் பற்றி வெளிப்படையாகப் பேசும் ஒரு சுருக்க முகவரித் தளத்தின் பெயரை, நாட்டின் சட்டத்துக்கும் ஷரியாவுக்கும் ஒவ்வாதது என்று எடுத்துக்கொண்டது. அதே குறியில்தான் பிட்லி போன்ற பெரிய சேவையும் ஓடிக்கொண்டிருந்தது. 2024 பிப்ரவரியில் தாலிபான் அரசு, ஆப்கானிஸ்தானின் டாட் ஏஎஃப் குறியில் இருந்த பால்புதுமையினர் தளம் ஒன்றை முடக்கியது. ஜனநாயக நாடுகளிலும் நடக்கும். பிரெக்ஸிட் முடிந்து 2021 ஜனவரி முதல் நாள், பிரிட்டனில் இருந்தவர்கள் ஐரோப்பிய ஒன்றியத்தின் டாட் இயு குறியில் பதிந்திருந்த சுமார் 80,000 பெயர்கள் செயலிழந்தன. கட்டணம் கட்டியிருந்தார்கள், ஒரு தவறும் செய்யவில்லை. தகுதி போய்விட்டது, அவ்வளவுதான்.

குறியே அழிவதும் உண்டு. யூகோஸ்லாவியாவின் டாட் ஒய்யு 2010 மார்ச்சில் நீக்கப்பட்டது; நெதர்லாந்து அண்டிலீஸின் குறி 2015இல். சோவியத் ஒன்றியத்துக்கு 1990இல் தரப்பட்ட டாட் எஸ்யு மட்டும், நாடு போன பிறகும் பல பத்தாண்டுகள் நீடித்திருக்கிறது. 2022இல் ஐகேன் இதற்கு ஒரு முறை வகுத்தது: ஐஎஸ்ஓ பட்டியலிலிருந்து குறி நீங்கினால், ஐந்து ஆண்டில் மூட வேண்டும், தக்க காரணம் இருந்தால் மொத்தம் பத்து ஆண்டுவரை நீட்டிக்கலாம்.

இந்த விதி டாட் ஐஓவுக்குப் பொருந்துமா என்பதுதான் இப்போது சந்தையில் இருக்கும் பெரிய கேள்வி. மென்பொருள் நிறுவனங்கள் விரும்பி வாங்கும் இந்தக் குறி, பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் ஆட்சிப் பகுதிக்கு உரியது. 1965இல் மொரீஷியஸிலிருந்து சாகோஸ் தீவுகளைப் பிரித்து பிரிட்டன் உருவாக்கிய பகுதி அது. டியேகோ கார்சியாவில் அமெரிக்க ராணுவத் தளம் அமைப்பதற்காக, 1968க்கும் 1973க்கும் இடையில் அங்கே வாழ்ந்த மக்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டார்கள். டியேகோ கார்சியா தமிழர்களுக்கு இன்னொரு வகையில் தெரிந்த இடம். 2021 அக்டோபரில் படகில் போன இலங்கைத் தமிழ் அகதிகள் அங்கே கரையேற்றப்பட்டு, மூன்று ஆண்டுகளுக்கு மேல் முகாமில் அடைபட்டுக் கிடந்தார்கள். 2024 டிசம்பரில்தான் பெரும்பாலோர் பிரிட்டனுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள்.

குடிமக்களே இல்லாத அந்தத் தீவுகளின் பெயரில் பல லட்சம் இணையப் பெயர்கள் விற்றன. அதை நடத்திய நிறுவனம் 2017இல் சுமார் 7 கோடி டாலருக்குக் கைமாறியது. விரட்டப்பட்ட மக்களுக்கு அதில் பங்கு கிடைக்கவில்லை. நல்ல சொல் கிடைக்கிறதே என்று டாட் ஐஓவை வாங்குகிறவர் இதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். 2024 அக்டோபரில் தீவுகளை மொரீஷியஸிடம் ஒப்படைப்பதாக பிரிட்டன் அறிவித்தது. 2025 மே 22இல் ஒப்பந்தம் கையெழுத்தானது.

ஒப்பந்தம் கையெழுத்தானதாலேயே டாட் ஐஓ சாகாது. ஆட்சிப் பகுதியின் பெயரும் குறியும் ஐஎஸ்ஓ பட்டியலிலிருந்து நீக்கப்பட்டால் மட்டுமே ஐகேனின் ஐந்தாண்டுக் கணக்கு தொடங்கும். தளம் நடத்துகிறவருக்கு மாற்று ஏற்பாடு செய்துகொள்ள அந்தக் காலம் தாராளம். வாங்கிப் போட்டு வைத்திருப்பவரின் நிலை வேறு: மூடும் தேதி அறிவிக்கப்பட்ட அன்றே அவருடைய பெயருக்கு வாங்க ஆள் இருக்காது. ஆகவே அவர் ஐந்தாண்டையோ பத்தாண்டையோ கணக்கில் வைக்கக் கூடாது. இப்போது விசாரித்து வரும் விலை நியாயமாக இருந்தால் கொடுத்துவிடுவது நல்லது. வைத்திருப்பதென்றால் ஓராண்டு ஓராண்டாகப் புதுப்பித்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் கட்டணம் கட்டுவதற்கு முன்னால் ஐஎஸ்ஓ பட்டியலைத் திறந்து அந்த இரண்டு எழுத்து இன்னும் அங்கே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.